வலி கண்ட நேரத்தில் பக்கத்தில் யார்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனை என்ற பொது மருத்துவமனை இருந்தது. பிரசவத்துக்கு அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். ஆங்கிலம் பேசுபவர்களும் ஸ்பானிய மொழி பேசுபவர்களும் கலந்திருந்தார்கள். ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்களின் குழு அங்கே ஓர் ஆய்வு நடத்தி, 1991இல் அதன் முடிவை வெளியிட்டது.

தலைச்சன் பிரசவத்துக்கு வந்த, உடல்நலம் சரியாக இருந்த 412 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் ஒவ்வொரு கர்ப்பிணியுடனும் குழந்தை பிறக்கும் வரை ஒரு பெண் கூடவே இருந்தாள். அவள் மருத்துவரோ செவிலியரோ உறவுக்காரியோ இல்லை. அவள் பெற்றிருந்த பயிற்சியும் கொஞ்சம்தான். கையைப் பிடித்துக்கொள்வாள், முதுகைத் தடவிக்கொடுப்பாள், இப்போது என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டாம் பிரிவிலும் ஒரு பெண் அறைக்குள் இருந்தாள். ஆனால் ஓரமாக உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று குறிப்பெடுப்பது மட்டும்தான் அவள் வேலை. வலியில் இருப்பவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இப்படி யாருமே உடனில்லாமல் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 204 பெண்களின் விவரங்களைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

யாரும் உடனில்லாத பெண்களில் நூற்றுக்கு 18 பேருக்கு சிசேரியன் தேவைப்பட்டது. துணை இருந்தவர்களில் 8 பேருக்குத்தான். தானாகப் பிரசவித்தவர்களில் முதுகில் ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்யவேண்டி வந்தது யாரும் உடனில்லாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு, துணை இருந்தவர்களில் 8 பேருக்கும் குறைவு.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது நடுவில் இருக்கும் பிரிவு. ஓரத்தில் ஒருத்தி பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த அறைகளில் சிசேரியன் 13 விழுக்காடு, முதுகு ஊசி 23 விழுக்காடு. மருந்து கொடுக்காமல், தொடாமல், ஆறுதல் சொல்லாமல் ஒரு மனுஷி அறையில் இருந்ததற்கே இவ்வளவு வித்தியாசம். யாருமற்ற பிரிவு குலுக்கலில் வந்தது அல்ல, பின்னால் சேர்க்கப்பட்டது என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பேசாதவளையும் பேசியவளையும் பிரித்தது குலுக்கல். அந்த வித்தியாசம் உறுதியாக நிற்கிறது.

இதே குழு 1980இல் குவாத்தமாலாவில் நடத்திய சிறிய ஆய்வில், துணையோடு இருந்த பெண்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 8.8 மணி நேரம் ஆனது. தனியாக இருந்தவர்களுக்கு 19.3 மணி நேரம். இவ்வளவு பெரிய வித்தியாசம் பின்னால் வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்தபோது, துணை இருந்தால் பிரசவ நேரம் சராசரியாக முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாகக் குறைவது தெரிந்தது. சிசேரியனும் குறைந்தது. பிரசவத்தைக் கசப்பான அனுபவமாகச் சொல்பவர்களும் குறைந்தார்கள். துணை இருந்ததால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு வந்ததாக எங்கும் தெரியவில்லை. பக்க விளைவே இல்லாமல் இத்தனை பலன் தரும் மருந்து பிரசவ அறையில் வேறு எது இருக்கிறது?

காரணத்தை உடலுக்குள் தேட வேண்டும். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்தும்போது அங்கிருக்கும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை ரத்தத்தில் விடுகிறது. கருப்பை சுருங்குகிறது, தலை இன்னும் இறங்குகிறது, அழுத்தம் கூடுகிறது, மேலும் ஆக்சிடோசின் சுரக்கிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழற்சியால்தான் விட்டு விட்டு வந்த வலி நெருங்கி நெருங்கி வருகிறது. பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதை ஹென்றி டேல் 1906இல் கவனித்தார். அந்தப் பொருளை 1953இல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். இன்று பிரசவ வார்டில் வலி வருவதற்கு டிரிப்பில் ஏற்றுவது இதைத்தான்.

பயந்தால் இந்தச் சுழற்சியில் அட்ரினலின் குறுக்கிடுகிறது. கருப்பைத் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள் உண்டு. அட்ரினலின் அவற்றில் போய் ஒட்டும்போது தசை தளர்கிறது, சுருக்கம் வலுவிழக்கிறது. இதை மருத்துவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். மாதம் நிறையும் முன்பே வலி வந்துவிட்டால் அதை நிறுத்தக் கொடுக்கும் டெர்பூட்டலின் என்ற மருந்து வேலை செய்வதும் இதே ஏற்பிகளில்தான். குறைமாதத்தில் பிரசவத்தை நிறுத்த நாம் மருந்தாகக் கொடுப்பதை, நிறைமாதத்தில் பயந்துபோன ஒரு பெண்ணின் உடல் தானே சுரந்துகொள்கிறது. ரெஜினா லெடர்மன் குழு 1978இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றம் கூடுதலாக இருந்த பெண்களின் ரத்தத்தில் அட்ரினலினும் கூடுதலாக இருந்தது, அவர்களுடைய கருப்பைச் சுருக்கம் மந்தமாக இருந்தது, பிரசவம் நீண்டது.

விலங்குகளிடமும் இதைப் பார்க்கலாம். நைல்ஸ் நியூட்டன் என்ற உளவியலாளர் 1960களில் ஈனும் நிலையில் இருந்த சுண்டெலிகளை அவற்றின் கூட்டிலிருந்து எடுத்து இடம் மாற்றித் தொந்தரவு கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கு ஈனுவது தாமதமாயிற்று. செத்துப் பிறந்த குட்டிகளும் அதிகமாயின. காட்டில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு: ஆபத்து நெருங்கினால் பிரசவத்தைத் தள்ளிப்போட்டு ஓடத் தெரிந்த விலங்கே பிழைக்கும். பிரசவ வார்டில் ஓட இடமில்லை. ஆனால் உடல் அதே பழைய வழியில்தான் நடந்துகொள்கிறது. நார்வேயில் 2,206 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. பிரசவத்தை நினைத்துக் கடுமையாகப் பயந்திருந்த பெண்களுக்கு, மற்றக் காரணங்களை எல்லாம் கழித்த பிறகும், பிரசவம் சராசரியாக 47 நிமிடம் நீண்டது.

அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி அச்சத்தை வளர்க்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே எழுதினார். பிரசவத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, மூச்சுப் பயிற்சி தந்து, தாயைத் தனியே விடாமல் இருந்தால் வலி குறையும் என்றார். அவருடைய உள்ளுணர்வு பெரும்பாலும் சரி. ஒரே ஒரு இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வலியின் வேரை அவர் பெண்ணின் அறியாமையிலும் மனநிலையிலும் கண்டார். அவர் காலத்துப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோன அக்காவையோ பக்கத்து வீட்டுக்காரியையோ பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது. பயப்படுபவளிடம் போய்ப் பயப்படாதே என்று சொல்வதால் அட்ரினலின் குறையாது. பயப்படத் தேவையில்லாத இடமாக அந்த அறை இருக்க வேண்டும், அந்த வீடு இருக்க வேண்டும்.

பிரசவத்தில் அச்சத்தின் பங்கைப் பார்த்தோம்; இப்போது உடல் உறுதிக்கு வருவோம். நம் வீடுகளில் இது பற்றி இரண்டு நேரெதிரான அறிவுரைகள் ஒரே வாயிலிருந்து வரும். "வாயும் வயிறுமா இருக்கிறவ, அசையாம உட்காரு, ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்பது ஒன்று. "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம்" என்பது இன்னொன்று. மருத்துவ உலகமும் இப்படித்தான் தடுமாறியது. கர்ப்பிணியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டக் கூடாது, கடும் உடற்பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1985இல் விதி வகுத்தது. அதற்கு வலுவான சான்று இல்லை என்று தெரிந்து 1994இல் அந்த விதியைக் கைவிட்டது. இப்போது அதே அமைப்பு, சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது.

இந்த மாற்றத்துக்கு வழிவகுத்தவர்களில் ஜேம்ஸ் கிளாப் என்ற ஆய்வாளர் முக்கியமானவர். ஏற்கெனவே ஓட்டம், ஏரோபிக்ஸ் பழக்கம் உள்ள பெண்களைக் கர்ப்ப காலம் முழுக்கப் பின்தொடர்ந்தார். பயிற்சியைத் தொடர்ந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கும், பாதியில் நிறுத்தியவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் ஆனதாக 1990இல் எழுதினார். கேட்க அசத்தலாக இருக்கிறது. ஆனால் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? கர்ப்பம் சிரமமாக இருந்ததால்கூட இருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் குலுக்கல் முறை ஆய்வுகள் தேவைப்பட்டன. ஸ்பெயினில் ரூபன் பராக்காத் குழு அவற்றைச் செய்தது. 508 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி செய்த பிரிவினரின் பிரசவம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகக் குறைந்தது. 2,059 பெண்கள் பங்கேற்ற 9 ஆய்வுகளின் தொகுப்பு 2016இல் வந்தது. அதில் பயிற்சி செய்தவர்களுக்குச் சிசேரியன் 17.9 விழுக்காடு, செய்யாதவர்களுக்கு 22 விழுக்காடு. குறைமாதப் பிரசவம் அதிகரிக்கவில்லை. கிளாப் கண்ட பெரும் வித்தியாசம் இங்கே இல்லை. ஆனால் இருக்கும் வித்தியாசம் நம்பத்தக்கது.

பிரசவ நேரத்தைவிட முக்கியமான பலன் அதற்கு முந்தைய மாதங்களில் கிடைக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தமாக்குகின்றன, குழந்தைக்குச் சர்க்கரை தடையின்றிப் போய்ச் சேர. சில தாய்மார்களுக்கு இது எல்லை மீறி கர்ப்பகால நீரிழிவாகிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கிறது, பிரசவம் சிக்கலாகிறது. தசைக்கோ, வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறன் உண்டு. சாப்பிட்ட பிறகு நடப்பதால் கிடைக்கும் நன்மை இதுதான். மார்கி டேவன்போர்ட் தலைமையில் கனடாவில் 2018இல் நடந்த பெரும் தொகுப்பாய்வு, உடற்பயிற்சியால் கர்ப்பகால நீரிழிவின் வாய்ப்பு 38 விழுக்காடும், உயர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வரும் முன்சூல்வலிப்பின் வாய்ப்பு 41 விழுக்காடும் குறைவதாகக் கணக்கிட்டது. கர்ப்பகால நீரிழிவு தமிழர்களுக்கு அந்நியமான நோய் அல்ல. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சென்னையிலிருந்து பல்லாண்டு வாதாடியவர் மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் அந்தப் பரிசோதனையில் அளவு 140ஐத் தொட்டால் நோய் என்று கொள்வார்கள்.

வாரம் 150 நிமிடம் என்பது நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். நடை போதும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தலாம். யோகாவுக்கும் இந்தியச் சான்று உண்டு: பெங்களூரில் ஷாமந்தகமணி நரேந்திரனும் மற்றவர்களும் 335 கர்ப்பிணிகளிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒரு மணி நேரம் யோகா செய்தவர்களிடையே குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் குறைவாக இருந்தன. யார் எந்தப் பிரிவு என்பது அதில் குலுக்கலில் தீர்மானிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கி கருப்பை வாயை மூடியிருந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, கருப்பை வாய் பலவீனமாக இருந்தாலோ இவை எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நடக்கும்போது ரத்தம் பட்டால், பனிக்குட நீர் கசிந்தால், தலைசுற்றினால், நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உழைக்கும் பெண்களுக்குப் பிரசவம் சுலபம் என்ற நம்பிக்கையையும் இங்கே தொட்டுவிடலாம். காஷ்மீரில் பணியாற்றிய கேத்லின் வாகன் என்ற மருத்துவர் 1920களில் இதைக் கவனித்து எழுதினார். படகில் வாழும் பெண்கள் எளிதாகப் பெற்றார்கள். வசதியான வீடுகளில் பர்தாவுக்குள் அடைபட்ட பெண்கள் இடுப்பெலும்பு வளைந்து பிரசவத்தில் செத்தார்கள். பார்த்தால் உழைப்பின் பெருமை போலத் தெரியும். முக்கியக் காரணம் வெயில். சூரிய ஒளி படாததால் வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மென்மையாகும் நோய் அவர்களைப் பிடித்திருந்தது. அந்தப் பெண்களின் சோம்பல் அல்ல, அவர்களைப் பூட்டிவைத்த வழக்கம்தான் கொன்றது. நாற்று நடும் பெண்ணின் நாள் முழுக்க ஓயாத உழைப்பையும், நல்ல சாப்பாடும் தூக்கமும் உள்ளவளின் அரை மணி நடையையும் ஒரே பெயரில் உடற்பயிற்சி என்று அழைப்பதும் இதே தவறுதான். ஒன்று உடலைத் தேற்றும். இன்னொன்று, சோறும் ஓய்வும் இல்லாதபோது, உடலைத் தேய்க்கும்.

அதனால்தான் சிசேரியன் ஆன பெண்ணைப் பார்த்து "இந்தக் காலத்துப் பொண்ணுங்க குனிஞ்சு நிமிர மாட்டாங்க" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 64. தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்கள் மட்டும் இரண்டு மடங்கு குனியாமல் இருந்துவிட்டார்களா என்ன? இந்த இடைவெளியில் பெரும்பகுதி மருத்துவமனை எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. தாயின் உடற்பயிற்சி நாலு விழுக்காட்டை மாற்றலாம், இருபத்தெட்டை மாற்றாது.

மனதுக்கும் இதே கதை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 301 தாய்மார்களைப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் சந்தித்து நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. பிள்ளை பெற்ற பிறகு புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. யாருக்கு வந்தது என்று பார்த்தால் பட்டியல் நம் வீட்டுக் கூடத்தில் எழுதியது போல இருக்கிறது: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்தவர்கள், கர்ப்ப காலத்தில் துயரம் கண்டவர்கள், கைக்கு உதவி இல்லாதவர்கள். இவற்றில் எது அந்தப் பெண்ணின் மனபலக் குறைவு?

மருந்தும் வெளியிலிருந்து வர முடியும் என்று பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் என்ற ஆய்வாளர் காட்டினார். மனச்சோர்வில் இருந்த சுமார் 900 கர்ப்பிணிகளில் பாதிப் பேரிடம், அந்தந்த ஊர்ப் பெண் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினார்கள். மனநலப் படிப்பு இல்லாத அவர்களுக்கு, எண்ணங்களைச் சீர்செய்யும் எளிய உரையாடல் முறை கற்றுத்தரப்பட்டிருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதம் வாரம் ஒருமுறை, பிறகு சிறிது சிறிதாக இடைவெளி விட்டு, மொத்தம் 16 சந்திப்புகள். இன்னொரு பாதிக்கும் அதே எண்ணிக்கையில் வீட்டு வருகை உண்டு, அந்தப் பேச்சு முறை மட்டும் இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது முதல் பிரிவில் 23 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 53 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு நீடித்தது. முதல் பிரிவுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது, தடுப்பூசி கூடுதலாகப் போடப்பட்டிருந்தது. அந்தக் குழந்தைகளின் எடையில் மட்டும் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

மனமும் உடலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடப்பதை இரண்டு முடிவுகளில் காணலாம். கர்ப்ப கால உடற்பயிற்சியே மனச்சோர்வின் வாய்ப்பைப் பெருமளவு குறைக்கிறது, அதே கனடாத் தொகுப்பாய்வுகளின்படி 67 விழுக்காடு. வலி தொடங்கிய பிறகு படுக்கையில் கிடக்காமல் நிமிர்ந்தும் நடந்தும் இருந்த பெண்களுக்குப் பிரசவத்தின் முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி 22 நிமிடம் குறைகிறது என்கிறது 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பு. தனியாக விடப்பட்ட பெண் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். தோளைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி இருந்தால் எழுந்து வராந்தாவில் நடப்பாள். ஹூஸ்டனில் துணையாக நின்ற பெண்கள் அச்சத்தைக் குறைத்தார்களா, உடலை அசைய வைத்தார்களா என்று பிரித்துக் கேட்பதே வீண்.

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் 2004லேயே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகாலக் கவனிப்பு நெறிமுறை, தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. வார்டு நெருக்கடியில், கதவில் நிற்பவரின் அதட்டலில், பல இடங்களில் அது நடைமுறைக்கு வருவதில்லை.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நாள் நெருங்கும் முன்பே, நீங்கள் பார்க்கும் மருத்துவமனையில் போய், வலி வந்தால் துணைக்கு ஒருவரை உள்ளே விடுவீர்களா, நடக்க விடுவீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் காரணம் கேளுங்கள். யார் உள்ளே போவது என்பதை அவளே சொல்லட்டும். அம்மாவோ அத்தையோ தோழியோ, அவளுக்கு யாரிடம் பயம் இல்லையோ அவர்தான் போக வேண்டும். அதுவரை தினமும் சாயங்காலம் அரை மணி அவளோடு நடக்க வீட்டில் ஒருவர் நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணியில் அவள் செய்ய வேண்டிய வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.